தாராவுக்கு இரண்டு அர்த்தம்

கோட்டுச்சேரி,
3.6.2024

அன்பு மகள் ஆன்லினுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் தேவ கிருபையில் சுகம். நீயும் மாப்பிள்ளை பிராங்க்ளினும் அந்த அயர்லாந்துக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன சேதியை அம்மா என் காதுக்குள் கத்தித்தான் சொன்னாள். எந்தக் காதுக் கருவி வைத்தாலும் போனில் உன் குரல் எனக்கு வண்டு இரைகிற மாதிரிதான் கேட்கிறது. ஆகையால் ஞாயிறு போன் அம்மாவுக்கு, கடிதம் எனக்கு என்கிற நம் ஏற்பாடு இப்படியே இருக்கட்டும்.

நாலாவது மாதம் நடக்கிறதாமே. இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லையே, பெரிய அழுத்தக்காரிதான் நீ. போகட்டும், மன்னித்துவிட்டேன். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து வருகிற முதல் பேரப்பிள்ளை. அம்மா அன்றைக்கே வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். ஏழாம் மாதம் கண்ணாடி வளையல் அனுப்ப வேண்டும் என்று கை அளவு கேட்கிறாள். உடையாமல் எப்படி அனுப்புவது என்பது என் கவலை.

பிரசவத் தேதி என்ன சொன்னார்கள்? பெயர் வைக்கிற அவசரமெல்லாம் வேண்டாம். முதலில் பிள்ளை வரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

ஆசிகளுடன்,
அப்பா சூசைமுத்து


கால்வே,
24.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆன்லின் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் சர்க்கரை எவ்வளவு? அம்மாவுக்கு நெஞ்சில் தையல் போட்ட இடம் இன்னும் வலிக்கிறதா? மறைக்காமல் எழுதுங்கள்.

நவம்பர் கடைசியில் தேதி. பெயர் முடிவு செய்துவிட்டோம் அப்பா. தாரா. இங்கே முதல் எழுத்தைக் கொஞ்சம் குறுக்கிக் கூப்பிடுவார்கள், நீங்கள் தாரா என்றே கூப்பிடலாம். ஐரிஷ் மொழிப் பெயர். அவ்வளவாக யாரும் வைக்காத பெயர்தான். ஓக் மரம் என்று அர்த்தம். கருத்த ஓக் மரம் என்று முன்பு நீளமாக இருந்த பெயர் தேய்ந்து இப்படி ஆனதாம். ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரே ஒரு உதவி. வளையல் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சின்னச் சட்டை, தொட்டில் துணி எதுவும் வாங்க வேண்டாம். தெருவிலும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். நாங்களும் இங்கே எதுவும் வாங்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், இங்கே அப்படித்தான்.

மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆன்லின்


கோட்டுச்சேரி,
13.7.2024

என் அருமை ஆன்லினுக்கு,

இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை, உங்களுக்கும் வராமலிருக்க மாதா துணை. என் சர்க்கரை நூற்று அறுபது. அம்மாவின் தையல் வலிக்கவில்லை, வளையல் வேண்டாம் என்று நீ எழுதியதுதான் வலிக்கிறதாம். இரண்டு நாள் அழுதாள்.

தெருவில் சொல்ல வேண்டாம் என்றாய். ஆனால் அம்பகரத்தூர் வடிவாம்பாள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் நான் என்ன செய்ய? நானும் அம்மாவும் தாரா, தாரா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தோம். காதில் அரைகுறையாக வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் கேட்டாள்: "யாருக்குங்க ரெண்டாந்தாரம்?" அம்மா சிரித்த சிரிப்பில் அவள் தையல் பிரிந்துவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. தெற்கத்திக்காரர்கள் வாத்தைத் தாரா என்பார்களே, பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன பாடுபடுமோ என்பது அம்மாவின் அடுத்த கவலை. பங்குச் சாமியாரோ, ஞானஸ்நானத்துக்குப் புனிதர் பெயர் எங்கே என்கிறார்.

இதெல்லாம் விளையாட்டு. இனி விளையாட்டில்லை. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவன் நான். பழைய ஆட்கள் இன்னும் எத்தா சிவில் என்று பிரெஞ்சில் சொல்வார்களே, அந்த மேஜை. பிள்ளை பிறந்து ஆறு மாதமாகியும் பெயர் முடிவாகாமல் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறப்பதற்கு ஐந்து மாதம் முன்னால் பெயரோடு நின்றவர் ஒருவரையும் பார்த்ததில்லை. நம் பக்கத்தில் வயிற்றுப் பிள்ளைக்குப் பெயர் சொல்லவே மாட்டார்கள். நீ பெயரை மட்டும் தயாராக வைத்துக்கொண்டு ஒரு சட்டைகூட வாங்க மாட்டேன் என்கிறாய். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. என்ன அவசரம் மகளே?

பதில் சீக்கிரம் போடு.

அப்பா


கால்வே,
5.8.2024

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். அவரும் நலம், வேலைக்குப் போகிறார், வருகிறார். நூற்று அறுபது அதிகம்தான், இரவுச் சோற்றைக் குறையுங்கள்.

சாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள். இங்கே கில்டேர் என்று ஓர் ஊர். அந்தப் பெயரின் மூலமே தாராவின் கோவில், அதாவது ஓக் மரத்துக் கோவில் என்பதுதான். புனித பிரிஜித் அம்மாள் அந்த மரத்தடியில் மடம் கட்டினார் என்கிறார்கள். ஞானஸ்நானத்துக்கு பிரிஜித் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

அவசரம் ஒன்றும் இல்லை. ஆணோ பெண்ணோ எது வந்தாலும் பொருந்துகிற பெயர் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெயர் இல்லாமல் மட்டும் இருந்துவிடக் கூடாது அப்பா.

சாப்பிட்டு முடித்ததும் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அசைவை எண்ணுகிறேன். பத்து வந்தால்தான் எழுந்திருப்பேன். நேற்று ஏழுக்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு வந்தது. எனக்காக ஜெபம் செய்யுங்கள்.

ஆன்லின்


கோட்டுச்சேரி,
26.8.2024

அன்பு ஆன்லினுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று வழக்கம்போல் கேட்டால் நீ நலம் என்றுதான் எழுதுவாய். அதனால் இந்தத் தடவை வேறு கேள்வி.

நீ சொன்ன கில்டேரைச் சாமியாரிடம் எழுதிக் காட்ட, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நஜீபாவிடம் போனேன். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "சார், ஓக் மரம் சரிதான். ஆனா அவங்க மொழியில எண்ணும்போதும் இந்த வார்த்தை வருது. தாரான்னா ரெண்டாவதுன்னும் போட்டிருக்கு." இரண்டையும் தாளில் அச்சடித்துக் கொடுத்தாள். ஓக் மரத்தை எழுதிய நீ, இதை எழுதவில்லை.

வடிவாம்பாள் சொன்ன ரெண்டாந்தாரத்துக்குச் சிரித்தோமே, நஜீபா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடை வாசலில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவுக்கு நெஞ்சு அறுவை நடந்தது 2022 டிசம்பரில். பிப்ரவரியில் நீ, ஈஸ்டருக்கு ஒரு நல்ல சேதி சொல்கிறேன் என்றாய். மார்ச் முழுக்க வீடியோவில் வரவில்லை, கேமரா கெட்டுவிட்டது என்றாய். ஈஸ்டர் வந்தது, சேதி வரவில்லை. அம்மாவின் மருந்து மாத்திரையில் நாங்கள் கேட்க மறந்துவிட்டோம். மனிதர்கள் எழுதாமல் விட்ட கட்டத்தைப் படித்துப் பழகியவன் நான். சொந்த மகளிடம் கோட்டை விட்டிருக்கிறேன்.

இரண்டாவது என்றால் முதலாவது எங்கே அம்மா?

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுது. அம்மாவிடம் காட்ட மாட்டேன்.

அப்பா


கோட்டுச்சேரி,
23.9.2024

ஆன்லினுக்கு,

நான்கு வாரம் ஆகிறது. தபால்காரர் நம் வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை மிதிக்கிற வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது, ஒன்றுமில்லை என்று. ஞாயிறுதோறும் அம்மா உன்னோடு பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்க்கிறேன். பேசி முடித்ததும் "நல்லாத்தான் இருக்கா" என்கிறாள். அது எனக்குப் போதவில்லை.

கோபித்துக்கொண்டாயா? கேட்டது தப்பென்றால் கேட்காத மாதிரி வைத்துக்கொள். ஆனால் ஒன்றை மட்டும் கேள். அந்தப் பெயரை மாற்றிவிடு. பதிவேட்டில் என் கையாலேயே எத்தனை பிச்சைமுத்து, எத்தனை குப்பம்மாள் எழுதியிருக்கிறேன் தெரியுமா? முன்னால் பிறந்தது தங்காத வீடுகளில் அடுத்த பிள்ளைக்கு அப்படித்தான் வைப்பார்கள். எண்ணிக்கை சாவுக்குத் தெரியக் கூடாது, இது யாரும் சீந்தாத பிள்ளை என்று அது நினைத்துக்கொண்டு போக வேண்டும் என்று. நீயோ இரண்டாவது, இரண்டாவது என்று வாசலில் நின்று கூவுகிற பெயரை வைக்கிறாய்.

நான் பூசைக்குப் போகிறவன்தான், இதையெல்லாம் நம்பக் கூடாதுதான். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு வரி போடு போதும்.

அப்பா


கால்வே,
25.9.2024

அன்புள்ள அப்பா,

உங்கள் ஆகஸ்ட் கடிதத்தை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். ஐந்து தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

ஆமாம் அப்பா. முதலாவது இருந்தாள். பெண் பிள்ளை. அம்மா எழுந்து நடக்கட்டும், ஈஸ்டருக்குச் சொல்லலாம் என்று காத்திருந்தோம். மார்ச் ஆறாம் தேதி, ஏழாவது மாதம், அசைவு நின்றது. நான் நர்ஸ். எத்தனை பேருக்கு நாடி பிடித்திருக்கிறேன். எனக்குள் நின்றது எனக்கு மறுநாள் மத்தியானம்தான் உறைத்தது.

துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். உங்கள் மூக்கு. பெயர் என்ன என்று மிகவும் மெதுவாகக் கேட்டார்கள். எங்களிடம் பெயர் இல்லை. நம் ஊர் வழக்கப்படி, பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றுதானே இருந்தோம். சின்னப் பெட்டியின் மேல் ஆன்லின் குழந்தை என்று மட்டும் எழுதி ஒட்டினார்கள். அந்தச் சீட்டோடுதான் மண்ணுக்குள் போனாள். அன்றைக்குத் தீர்மானித்தேன், இனி ஒன்று வந்தால், ஆணோ பெண்ணோ, எந்த மாதத்தில் எப்படி வந்தாலும், பெயர் தயாராக இருக்க வேண்டும்.

இந்தப் பிள்ளைக்கு முதல் ஸ்கேன் எடுக்கப் போன அன்று லிஃப்டில் ஐரிஷிலும் எழுதியிருந்தது, இரண்டாவது மாடி என்று. அதில் தாரா என்ற சொல் இருந்தது. கூட வேலை பார்க்கிற பெண்ணிடம் கேட்டேன். அப்படிப் பெயரே உண்டு, இரு பாலுக்கும் வைப்போம் என்றாள். ஓக் மரத்தை உங்களுக்கு எழுதினேன். இன்னொன்றை எனக்கென்று வைத்துக்கொண்டேன். இந்தப் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் அவளும் எண்ணிக்கையில் இருப்பாள்.

இதைப் படித்தால் நீங்கள் பெயரை மாற்றச் சொல்வீர்கள் என்று தெரியும். எனக்கும் பயம்தான். குளிக்கப் பயம், படிக்கட்டு இறங்கப் பயம். அவர் என்னைத் தொட்டுப் பேசவே பயப்படுகிறார். ஆனால் பெயர் இல்லாத பயத்தை விட இது தேவலை.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

ஆன்லின்


கோட்டுச்சேரி,
14.10.2024

என் கண்ணே,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. என்னுடையதும் இதற்குள் உன் கைக்கு வந்திருக்கும். அதைக் கிழித்துப் போடு. பெயரைப் பற்றி நான் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நீ சொன்னதற்குப் பதிலாக நானும் ஒன்று சொல்ல வேண்டும். 1990 ஆகஸ்டில் நானும் அம்மாவும் அரசு மருத்துவமனையில் ஒரு பையனைப் பார்த்தோம். நிறைமாதம். அழவில்லை. செத்துப் பிறந்த பிள்ளைக்கு எங்கள் அலுவலகத்தில் தனிப் படிவம் உண்டு. தேதி, ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், தாய் பெயர் எல்லாம் கேட்பார்கள். பிள்ளையின் பெயருக்குக் கட்டமே கிடையாது. அந்த மேஜையில் அப்போது நான்தான் இருந்தேன். என் படிவத்தை நானே நிரப்பி, நானே பதிந்து, நானே கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், பெயருக்குக் கட்டம் இல்லை சலோமி, பேசாமல் மறந்துவிடு என்றேன். அவளுக்கு ஆறுதலாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

இரண்டு வருடம் கழித்து நீ பிறந்தாய். உன்னைப் பார்த்து எல்லோரும் தலைச்சன் பிள்ளை என்றார்கள், நாங்களும் தலையாட்டினோம். அந்த ஊர்க் கணக்கில் பார்த்தால் நீயும் ஒரு தாராதான் மகளே.

எனக்குப் பயம் போகவில்லை. கூடத்தான் ஆகியிருக்கிறது. ஆனால் இப்போது நீ தனியாகப் பயப்படவில்லை, நாம் இரண்டு பேரும் சேர்ந்து பயப்படுகிறோம். அசைவை எண்ணு. குறைந்தால் யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. தொந்தரவு கொடுக்கிறோமே என்று கூச்சப்படாதே.

உன் அப்பா


கால்வே,
8.11.2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

பிராங்க்ளின் எழுதுகிறேன். உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். சுகம் விசாரிக்கக்கூட மனம் ஓடவில்லை, மன்னியுங்கள்.

இன்று காலை ஆன்லின் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எண்ணினாள். மூன்றுதான் வந்தது. நீங்கள் எழுதியிருந்ததைச் சொல்லி அவளே காரை எடுக்கச் சொன்னாள். இப்போது உள்ளே பெல்ட் கட்டி இதயத் துடிப்பைப் பார்க்கிறார்கள். கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார்கள். போன தடவையும் இதே நாற்காலி வரிசையில்தான் இருந்தேன். அத்தைக்குப் போன் செய்தேன், சும்மா செக்கப் என்று சொல்லிவிட்டேன். என் குரலை அவர்கள் நம்பினார்களா என்று தெரியவில்லை.

இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் எப்படியும் உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. ஆனால் கையில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது மாமா. டாக்டர் வருகிறார். கூப்பிடுகிறா


கால்வே,
15.11.2024

அன்புள்ள அப்பா,

நான் நலம். தையல் மட்டும் வலிக்கிறது. போனில் அம்மாவிடம் அவர் சொன்னதை நீங்கள் எழுத்திலும் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். பிள்ளை நலம். இரண்டு கிலோ அறுநூறு கிராம்.

அவர் உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்த தாளை அப்படியே பாதியில் உறையில் போட்டு அனுப்பிவிட்டாராம். பயந்திருப்பீர்கள். துடிப்பு இறங்கிக்கொண்டே வந்ததால் உடனே அறுத்து எடுத்தார்கள். எனக்கு நினைவு இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளையைத் தூக்குவது தெரிந்தது, சத்தம் இல்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆணா பெண்ணா என்று நான் கேட்கவே இல்லை அப்பா. அழுததா, அழுததா என்றுதான் கேட்டேன். தமிழிலேயே கேட்டிருக்கிறேன், அவர்களுக்கு எப்படிப் புரியும். பிறகு அழுதது.

பெயர் என்ன என்றார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அதற்கப்புறம்தான் அவர் எட்டிப் பார்த்து, பையன் என்றார்.

தாராவைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இன்னமும் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். முதலாவதைப் பற்றி இனி அம்மாவிடம் மறைக்க வேண்டாம். போனில் என்னால் முடியாது, நீங்களே சொல்லுங்கள்.

ஆன்லின்


கோட்டுச்சேரி,
4.12.2024

அன்பு மகள் ஆன்லினுக்கும் மாப்பிள்ளைக்கும் பேரன் தாராவுக்கும்,

மூன்று பேரையும் ஒரே வரியில் எழுதிப் பார்த்துக்கொண்டேன். இங்கே மழை விட்டுவிட்டது, இருவரும் நலம். மாப்பிள்ளையின் பாதிக் கடிதம் உன் கடிதத்துக்கு நான்கு நாள் கழித்துத்தான் வந்தது. எல்லாம் தெரிந்திருந்தும் அதைப் படித்ததும் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். திருவேட்டக்குடி மீன்காரி கொடுத்த சங்கராவை அரிந்துகொண்டிருந்தாள். நீ எழுதியதை ஒன்று விடாமல் படித்துக் காட்டினேன். பெட்டி, சீட்டு எல்லாம். அழுவாள், நெஞ்சைப் பிடிப்பாள் என்று மாத்திரையைக்கூட எடுத்து வைத்திருந்தேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "மூத்தவளுக்கு என்ன பேரு?" என்று கேட்டாள்.

பெயர் வைக்கவில்லையாம் என்றேன்.

"சீட்டுல இல்லன்னு சொல்லுங்க. பெத்தவ மனசுல இல்லாம இருக்குமா? நான் வச்சிருந்தேன்ல."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்துத் திரும்பக் கேட்டேன். என் காதருகே வந்து சொன்னாள். "செல்வின். நம்ம பையன் பேரு செல்வின். கட்டம் இல்லன்னு நீங்க சொல்லிட்டீங்க. அதான் உங்ககிட்ட சொல்லல."

முப்பத்து நான்கு வருடம், ஆன்லின். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு. ஊரில் உள்ள பிள்ளைகளின் பெயரையெல்லாம் எழுதி வைத்தவனுக்குத் தன் பிள்ளையின் பெயர் தெரியவில்லை. நான் அவள் முன்னால் அழுதேன். சொல்வதற்கு வெட்கமில்லை.

உன் மூத்தவளை நீ மனதுக்குள் எப்படிக் கூப்பிடுகிறாய் என்று எழுது. எதுவும் இல்லை என்று மட்டும் எழுதாதே, அம்மா நம்ப மாட்டாள். போனில் கேட்கவும் மாட்டாளாம். கடிதத்தில் வந்தால் அவளே பிரித்துப் படிப்பாளாம்.

பிள்ளையின் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பதை ஒரு வருடத்துக்கு நிறுத்த முடியாது, நானும் உனக்கு அப்படித்தான் செய்தேன். காதை மூடிக் குல்லா போடு.

இப்படிக்கு,
செல்வின், ஆன்லின் தகப்பன்
சூசைமுத்து